நீ ‘விட்டார்’ என்று சொல்லாத அன்று

அன்புள்ள மகளுக்கு,

ஒருவர் தான் நன்றாக இருப்பதாகச் சொல்வதை வைத்து அவர் நன்றாக இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியுமா? இத்தனை வருடம் சொற்களோடு உட்கார்ந்திருந்தும் இதற்கு எனக்கு விடை தெரியாது. கடிதம் என்றால் முதலில் சுகம் சொல்லிச் சுகம் கேட்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம்தான், அப்பாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, கூடவே அவரும் முனகுகிறார். உன் சுகத்தை இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமான கேள்வியாகவே கேட்கிறேன். இதைத் தனியாக இருக்கும்போது படி. பக்கத்தில் யாராவது இருந்தால் மடித்துப் பைக்குள் வைத்துவிடு, பிறகு படித்துக்கொள்ளலாம்.

அப்பா இப்போதும் எடைக்கற்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைகடையாகத் தராசு சரிபார்க்கப் போகிறார். எல்லாம் எலக்ட்ரானிக் ஆன பிறகும் அந்தப் பித்தளைக் கற்களை மெல்லிய துணியால் துடைத்துத் துடைத்து வைப்பதில் ஒரு சுகம் அவருக்கு. உன் அறை ஜன்னலில் கொக்கி உடைந்து காற்றுக்கு அடித்துக்கொண்டே இருந்ததல்லவா, தச்சரை வரவழைத்து மாற்றிவிட்டேன். அவர், ‘பொண்ணத்தான் கட்டிக்குடுத்தாச்சே, இந்த ரூம்ல யாரும்மா படுக்கப் போறா, புதுக் கொக்கியெல்லாம்’ என்றார். ‘ஜன்னல் சாத்தறதுக்கு ஆள் வரணுமா, நீங்க போடுங்க’ என்றேன். மெத்தையை வெயிலில் காயவைத்து உறை மாற்றினேன். ஏன் என்று அப்பா கேட்கவில்லை. கை தானாகச் செய்தது.

அலுவலகத்தில் இரண்டு மாதமாக ஒரே வினைச்சொல்லோடு குடித்தனம் நடத்துகிறேன், ஆங்கிலத்து ‘லெட்’. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த சொல், ‘விடு’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாமே என்று நீயே சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். ஆனால் எங்கள் அகராதி எந்தச் சொல் எதனோடு சேர்ந்து வரும், யார் யாரிடம் அதைச் சொல்வார்கள் என்று காட்டுகிற அகராதி. அதற்காக ஒரு நிறுவனம், சம்மதித்தவர்களின் காலரில் சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மாட்டிவிடுகிறது. அவர்கள் பாட்டுக்குச் சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள். பெயர், தெரு எல்லாம் அழிக்கப்பட்டுப் பதிவு மட்டும் எங்களிடம் வரும். எங்கள் ஒலிப்பிரிவில் ஒருவர் இருக்கிறார், என் வயதுதான், அவரை எல்லாரும் கத்தரி என்றுதான் கூப்பிடுகிறோம். நாங்கள் கேட்கும் சொல் வருகிற இடத்தைத் தேடிப்பிடித்து, முன்னால் ஒரு மூச்சு பின்னால் ஒரு மூச்சு விட்டு வெட்டித் தருவார். காதில் மாட்டும் கருவியின் பஞ்சு பிய்ந்துவிட்டது, அதோடு நான் நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்கள் பேச்சைத் துண்டுதுண்டாகக் கேட்டு இனம் பிரிக்கிறேன். ஒருவர் வாழ்க்கையில் அந்த ஒரு சொல்லைச் சொன்ன நிமிடங்கள் மட்டும் எனக்குத் தெரியும்.

அந்தச் சொல் அதிகமாக வருவது ‘லெட் மீ’ என்றுதான். லெட் மீ சீ, லெட் மீ ஹெல்ப் யூ. பார்க்கிறேன், உதவுகிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை, யாருடைய அனுமதியும் தேவைப்படாதவர்கள்தான் இப்படி நாளெல்லாம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ‘லெட் அஸ் நோ’ என்றால் தகவல் சொல்லுங்கள். ‘லெட் கோ’ என்றால் பிடியைத் தளர்த்து. இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒருவர் இன்னொருவரை உண்மையாகவே ஒன்றைச் செய்ய விடுகிற வாக்கியங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், விடுகிறவர்கள் அம்மா, டீச்சர், டாக்டர், காவலாளி. விடப்படுவது குழந்தை, நாய், காற்று, வெளிச்சம். வளர்ந்து ஆளான பெண் தன்னைத் தானே அந்த இரண்டாவது இடத்தில் வைத்துப் பேசுவது அபூர்வம். அதனால்தான் ஒரே ஒருத்தியின் பதிவில் அது குவிந்து கிடந்தபோது என் கை நின்றது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள் போலிருக்கிறது, முதல் சில நாட்களின் துண்டுகளில் ‘லெட் மீ செக்’, ‘லெட் மீ ட்ரை எ ஸ்மாலர் ஃப்ரேம்’ என்று வாடிக்கையாளரிடம் கலகலவென்று பேசுகிறாள். பிறகு கடைப் பேச்சு நின்றுவிட்டது, வீடு மட்டும்தான். யாரோ தோழியிடம் ‘ஹி லெட் மீ’ என்று சொல்கிறாள், இன்றைக்கு அவர் என்னை நடந்துவிட்டு வர விட்டார், உன்னோடு பேச விட்டார் பார், மதியம் தூங்க விட்டார். அழுதுகொண்டு சொல்லவில்லையடி, சிரித்துக்கொண்டு சொல்கிறாள், நல்ல மனுஷனைக் கட்டிக்கொண்ட பெருமையில் சொல்கிறாள். பின்னணியில் ஒவ்வொரு துண்டிலும் கதவுச் சங்கிலியை இழுத்து மாட்டும் சத்தம். அப்புறம் அந்த வினை திரும்பிக்கொண்டது, இப்போது விடுகிறவள் அவள். ‘லெட் ஹிம்’, ‘ஜஸ்ட் லெட் ஹிம்’, அவர் போக்குக்கு விட்டுவிடு. அதோடு துண்டுகள் தீர்ந்துவிட்டன.

எங்கள் பதிப்பாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ‘ஒரு ஆள் பேச்சு வழக்கு ஆகாதும்மா, பத்து பேர் வாயில வந்தாத்தான் வழக்கு, இது அவ பேசற விதம், வெளிய எடுத்துப் போடு’ என்றார். எங்கள் வேலையில் அது சரியான விதி. நானும் எடுத்துப் போட்டேன்.

உன் பேச்சிலும் அப்படித்தான் ஒன்று வந்திருந்தது, அதையும் நான் அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். கல்யாணமான புதிதில் நீ போனில் போயிட்டு வந்தேன், வாங்கினேன், பார்த்தேன் என்றுதான் சொல்வாய். பிறகு ஒருநாள், ‘லேப்ல இருந்து வர்ற வழியில அவர் என்னைக் கடைக்குப் போயிட்டு வர விட்டார்மா’ என்றாய். அடுத்த வாரம், ‘அந்த நீலச் சட்டைய வச்சுக்க விட்டார்’. உன் சம்பளத்தில் நீ வாங்கிய சட்டை. அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். ‘உங்கிட்ட ஒருத்தன் குட் மார்னிங் சொன்னாக்கூட ஆதாரம் எங்கேன்னு கேப்பே. தங்கமான பையன், ஒரு வார்த்தை உரக்கப் பேசறானா? மாமா மாமான்னு எவ்வளவு மரியாதை. அவ பேசற விதம் அது, விடு’ என்றார். உண்மைதான், மாப்பிள்ளை உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை. ‘அவளை நான் பாத்துக்கறேன் அத்தை, நீங்க நிம்மதியா இருங்க’ என்று ஒவ்வொரு முறையும் சொல்வார், ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகள், அதே வரிசையில். அவ்வளவு மாறாமல் ஒரு மனிதர் பேசுவதை என் பதிவுகளில் நான் கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு நீ பேசினாய். கால் மணி நேரத்தில் ஒருமுறைகூட ‘விட்டார்’ வரவில்லை. போனை வைத்ததும் நான் அப்பாவிடம், ‘பாத்தீங்களா, இப்பல்லாம் அவ அப்படிப் பேசறதில்ல’ என்றேன். ‘நான் அப்பவே சொல்லல?’ என்று அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இருவரும் நிம்மதியாகக் காபி குடித்தோம். ஒரு சொல் பேச்சில் காணாமல் போனால் அந்த விஷயமும் வாழ்க்கையில் இல்லை என்று கணக்குப் போடுவது எங்கள் தொழிலில் பழகிப்போன ஒன்று, ஏனென்றால் வெட்டித் தந்த துண்டுக்கு வெளியே எங்களுக்கு உலகம் கிடையாது.

அடுத்த வெள்ளிக்கிழமை கத்தரி என் மேஜைக்கு வந்து சும்மா நின்றார். வழக்கமாக வந்தால் ‘என்ன மேடம், இன்னிக்கு எந்தச் சொல்லுக்குக் கழுத்தறுப்பு’ என்பார், அன்றைக்கு அதுவும் இல்லை. ‘அந்த மூக்குக்கண்ணாடி அம்மா துண்டு ஏன் தீந்துபோச்சு தெரியுமா மேடம்?’ என்றார். கருவியைத் திருப்பிக் கொடுத்திருப்பாள் என்றேன். ‘குடுக்கல. அதுக்கப்புறமும் ரொம்ப நாள் ஓடியிருக்கு. மனசு கேக்கல, வெட்டாம முழுசா போட்டுக் கேட்டேன். பாத்திரம் கழுவுற சத்தம், டிவி சத்தம், சங்கிலி. சாயந்திரம் அவர் வருவாரு, சாப்பிடுவாரு, “குட்”னு சொல்லுவாரு. இந்தம்மா யெஸ். திரும்ப யெஸ். அவ்வளவுதான் மேடம் பேச்சே.’ அவர் போகத் திரும்பி, பிறகு நின்று, ‘விட்டாரு, விடலன்னு சொல்றதுக்குக்கூட முதல்ல ஒருத்தர் போய் அனுமதி கேக்கணும்ல. அவங்க கேக்கறதையே நிறுத்திட்டாங்க’ என்றார்.

அவர் போன பிறகு நான் வேலை செய்யவில்லை. எதிர்ப்பக்கம் கார் கழுவும் கடை, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், அதைப் பார்த்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை மறுபடி மனதில் ஓட்டினேன். நான் எது கேட்டாலும் நீ அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொன்னாய். ‘நடக்கப் போறியான்னா கேக்கறே? இல்லம்மா, எதுக்கு.’ உன் கூடப் படித்த பெண் அதே ஊரில்தானே இருக்கிறாள், பார்த்தாயா என்றேன். ‘அவளப் பாத்தேனான்னா? எதுக்கும்மா, இங்கயே எல்லாம் இருக்கே.’ தலைமுடி வெட்டிக்கொண்டாயா? எதுக்கு. லீவுக்கு வருவாயா? எதுக்கும்மா இவ்வளவு தூரம். கேள்வியை யாருக்காகத் திருப்பிச் சொன்னாய்? நீ பேசும்போது உன் பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது இரண்டு முறை கேட்டது, இரண்டு முறையும் நீ பேச்சை முடித்துக்கொண்டாய். உனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் ஓயாது, பள்ளிக்கூடத்தில் உன்னைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினால் கடைசி பெஞ்சையே கெடுத்துவிட்டு வருவாய். அந்தப் பெண்ணிடமிருந்து எனக்குக் கால் மணி நேரத்தில் கிடைத்தது ‘எதுக்கு’ என்ற ஒரே சொல்.

நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை, அதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரண்டு பெண்கள், ஒரு சொல், நடுவில் பயந்துபோன ஒரு தாய். இதை வைத்து யாராவது கட்டுரை எழுதிக்கொண்டு வந்தால் சான்று போதாது என்று திருப்பி அனுப்பிவிடுவேன். மாப்பிள்ளைக்கு வேறு ஏதாவது காரணம் இருக்கலாம், உனக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், நீங்கள் இருவரும் ஏதோ கோபத்தில் இருந்த நாளாக இருக்கலாம். அந்த மூக்குக்கண்ணாடிப் பெண்ணைப் பற்றிப் பதிப்பாசிரியரிடம் மறுபடி போய்ச் சொன்னேன், இந்த முறை விதி பேசவில்லை அவர், பதிவு எடுத்த நிறுவனத்தோடு அப்போதே போனில் பேசினார். ஆள் அனுப்பிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு மேல் எங்களுக்குத் தகவல் வராது. அவள் யாரென்று எனக்குத் தெரியாது, கதவைத் தட்ட முடியாது. நீ யாரென்று எனக்குத் தெரியும்.

அதனால் நேராகக் கேட்கிறேன். வீட்டுச் சாவி உன்னிடம் ஒன்று இருக்கிறதா? உன் சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன? உன் சம்பளக் கார்டு யார் பையில் இருக்கிறது? அவர் வெளியே போகும்போது கதவை எந்தப் பக்கம் பூட்டுகிறார்? இதற்கெல்லாம் நல்ல பதில் இருந்தால் என்னை வேண்டியமட்டும் திட்டு, அம்மாவுக்குச் சொல் சொல்லாகப் பார்த்துப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிரி, அதைவிடச் சந்தோஷமான செய்தி எனக்கு வராது. நல்ல பதில் இல்லையென்றால் எனக்கு விளக்கம் வேண்டாம். சான்றிதழ்களை மட்டும் தினமும் ஒன்றிரண்டாக எடுத்துவந்து ஆய்வகத்தில் உன் மேஜைக்குள் வை. ஆய்வகத்துப் போனிலிருந்து ஒருமுறை என்னைக் கூப்பிடு. உன் போனை அவரும் பார்ப்பார் என்று நீயே சொல்லியிருக்கிறாய், ‘எங்களுக்குள்ள ஒளிவுமறைவே கிடையாதும்மா’ என்று. அதனால்தான் இதைப் போனில் அனுப்பாமல், வீட்டுக்கும் அனுப்பாமல், நீ தண்ணீர் சோதிக்கிற அந்த ஆய்வக முகவரிக்கு அனுப்புகிறேன். நாள் முழுக்க ஒருவர் மேற்பார்வையும் இல்லாமல் நீ உட்காருகிற ஒரே நாற்காலி அதுதான் என்று நினைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. பயந்துகொண்டு சாப்பிட்டால் உடம்பில் ஒட்டாது, தனியாக இருக்கும் நேரத்தில் சாப்பிடு. வீட்டில் எதிர்த்துப் பேசாதே, இது வீரத்துக்கான நேரம் இல்லை. அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். வழக்கம்போல் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன், ‘அனுப்பு’ என்று மட்டும் சொன்னார். நீ எடுக்கிற மூச்சும் வைக்கிற அடியும் உன்னுடையதாக இருக்கட்டும் என்று இருவரும் சேர்ந்து வாழ்த்துகிறோம். பதில் எழுத வேண்டாம், கூப்பிடு, மறந்துவிடாதே. இந்த வீட்டுக்கு வர நீ யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, எங்களிடமும்கூட.

என்றும் உன் பக்கம் இருக்கும்
அம்மா

மறுநாள், திங்கட்கிழமை.

கடிதத்தை ஒட்டவில்லை. நடந்ததை இதிலேயே எழுதி வைக்கிறேன், பாதி உனக்கே தெரியும், இருந்தாலும் பின்னால் யாராவது அப்படி நடக்கவில்லை என்று சொன்னால் எழுத்தில் இருக்கட்டும்.

தபாலில் போடுவதற்கு முன் முகவரியைச் சரிபார்க்க ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் உன் பெயரைக் கேட்டதும் தயங்கினார். நீ வேலையை விட்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது என்றார். நீ வரவில்லையாம், உன் கணவர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டு உன் மேஜையில் இருந்த பொருள்களை ஒரு பையில் போட்டு எடுத்துப் போனாராம். ‘ரொம்ப மரியாதையாப் பேசினாருங்க. உங்களுக்குத் தெரியாதா?’ என்றார். தெரியாது என்றேன். அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ என்னோடு பேசியபோதே உனக்கு வேலை இல்லை.

அப்பா எடைக்கற்கள் பெட்டியோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். பெட்டியைக் கீழே வைத்தார், செருப்பைக் கழற்றவில்லை. உன் எண்ணுக்குக் கூப்பிட்டேன். மாப்பிள்ளை எடுத்தார். ‘அவ ரெஸ்ட் எடுக்கறா அத்தை. வேலை அவளுக்கு ஒத்துக்கல, அதான் நிறுத்திட்டோம். அவளை நான் பாத்துக்கறேன், நீங்க நிம்மதியா இருங்க’ என்றார். அவளிடம் கொடுங்கள் என்றேன், எழுந்ததும் பேசச் சொல்கிறேன் என்றார். அப்பா என் கையிலிருந்து போனை வாங்கினார். ‘மாப்பிள்ளை, நாங்க வர்றோம்.’ ‘இப்ப வேண்டாமே மாமா, அவளுக்குக் கூட்டம் ஒத்துக்காது.’ ‘நாங்க ரெண்டு பேர் கூட்டமாப்பா?’ என்று அப்பா கேட்டார். அந்தப் பக்கம் பதில் மரியாதையாகவே வந்தது, நல்லபடியாக ஆனதும் நாங்களே வருகிறோம் மாமா.

அப்பா போய் நாளை விடிகாலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வந்தார். இந்தக் கடிதமும் என் பையில்தான் வருகிறது. உன் கூடப் படித்த பெண்ணிடம் பேசினேன், அவளும் அவள் அண்ணனும் ஸ்டேஷனுக்கு வருகிறார்கள். அந்த ஊர் காவல் நிலைய எண்ணையும் அவளே விசாரித்துக் கொடுத்தாள். கத்தரியிடம் லீவு சொன்னபோது ‘போயிட்டு வாங்க மேடம், இங்க நான் பாத்துக்கறேன்’ என்றார்.

சாயங்காலம் நீ கூப்பிட்டாய். ‘வராதீங்கம்மா, இங்க எல்லாம் நல்லாருக்கு’ என்றாய், படித்துச் சொல்வது போல. சரி என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘நாங்க வரட்டுமா?’ என்று மட்டும் கேட்டேன்.

நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை. உன் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது, நானும் அப்பாவும் ஒரே போனில் காதை வைத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு யாரோ இணைப்பைத் துண்டித்தார்கள்.